பாடியவர் என்ற கட்டம்

சிவகாசியில் எனக்கு வேலை கிடைத்த இடம் ஓர் அச்சகம். முன்பக்கம் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் ஓடும். பின்பக்க அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள். இரண்டில் டிசைன் வேலை நடந்தது. மூன்றாவது என்னுடையது. ஊரில் பட்டாசுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெப்சைட் வைக்கத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. அச்சகத்தின் உரிமையாளர், நாங்கள் சார் என்று கூப்பிடுவோம், வாசல் போர்டின் கடைசியில் 'வெப்சைட் செய்து தரப்படும்' என்று ஒரு வரி சேர்த்தார். பெயின்ட் காய்ந்த பிறகுதான் அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஆள் நான்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். யாரும் கேட்காமலே இதைச் சொல்வது என் வழக்கம். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா லாரி ஆபீசில் பட்டாசு லோடு ஏற்றினார். அம்மாவும் அக்காவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து எங்கள் தெருவில் பாதியை அள்ளிக்கொண்டு போகும். நான் ரோட்டின் எதிர்ப்பக்கம், தோளில் பையுடன், சிவகாசி பஸ்ஸுக்கு நிற்பேன். நிழல் வேன் நிற்கும் இந்தப் பக்கம்தான் இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் நின்றால்தான் வேனில் இருக்கும் எல்லாருக்கும் நான் தெரிவேன்.

வேலை நிரந்தரம் என்று சார் சொல்லவில்லை. "மொதல்ல ஒரு சைட்டை முடிச்சுக் காமி. பெறகு பாப்போம்" என்றார். அப்பா இன்னும் தெளிவாக இருந்தார். அச்சகத்தில் நிலைத்தால் நல்லது. நிலைக்காவிட்டால் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் லேபிள் ஒட்டும் செக்‌ஷனுக்கு ஃபோர்மேனிடம் சொல்லி வைத்திருந்தார். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பிள்ளை ஒட்டினால் லேபிள் கோணாமல் நிற்கும் என்று ஃபோர்மேனும் சம்மதித்துவிட்டாராம்.

என் முதல் சைட் ஒரு ரேடியோ செட்டுக்காரருக்கு. கோயில் விழாக்களுக்கு மைக், குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட் எல்லாம் அவர்தான் கட்டுவார். பல வருடமாக முளைப்பாரிக் கும்மிப் பாட்டுகளைக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். அவற்றை எம்.பி.3 ஆக மாற்றி, ஒரே சிடியில் நாற்பது பாட்டு போட்டுக் கொண்டுவந்தார். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் எல்லாம் நெட்டில் ஏற வேண்டும்.

"நம்ம ஊருப் பிள்ளைக பம்பாயி, துபாயின்னு போய்க் கெடக்குதுக தாயி. பொங்கலுக்கு வர முடியலேன்னா நெட்டுல கேட்டு அழட்டும்" என்றார்.

டிசைன் பார்க்கும் அக்கா சிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது பாட்டுக்கும் பேரு, பாடுனவக பேரு எல்லாம் யாரு டைப் அடிக்க? எனக்குப் பத்திரிகை வேல தலைக்கு மேல கெடக்கு."

யாரும் அடிக்க வேண்டியதில்லை என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் நான் படித்தேன் என்று அப்போது தோன்றியது. ஓர் எம்.பி.3 ஃபைலில் பாட்டு மட்டும் இருப்பதில்லை. பாட்டு முடிந்த பிறகு, ஃபைலின் வாலில், நூற்று இருபத்தெட்டு எழுத்துக்கு ஒரு சின்ன இடம் இருக்கும். அதில் முதல் மூன்று எழுத்து ஆங்கிலத்தில் 'டேக்' என்று இருந்தால் விவரம் உண்டு என்று அர்த்தம். அடுத்த முப்பது எழுத்து பாட்டின் பெயர். அடுத்த முப்பது பாடியவர் பெயர். பிறகு ஆல்பம், வருடம், குறிப்பு. கடைசி ஒரே ஓர் எழுத்து, அது என்ன வகைப் பாட்டு என்பதற்கான எண். பிஎச்பி என்ற மொழியில் ஃபைலைத் திறந்து, வாலுக்குப் போய், அந்த இடத்தை வாசித்து, கத்தரித்து, சைட்டில் காட்டலாம். கல்லூரியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் பக்கங்களைப் படித்து நானே கற்றுக்கொண்டேன்.

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். ஓட்டியதும் நாற்பது வரி வரிசையாக வந்து நின்றது. டிசைன் அக்கா எழுந்து வந்து பார்த்தார்.

"எல்லாம் ஒரே பாட்டால்ல இருக்கு" என்றார்.

பாட்டின் பெயருக்கு முப்பது எழுத்துதான் இடம். ரேடியோ செட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் பெயரை 'அருள்மிகு ஸ்ரீ முத்து மாரியம்மன் கோவில் பொங்கல் கும்மி' என்று, ஆங்கில எழுத்தில், குறைவில்லாமல் ஆரம்பித்திருந்தார். அது எந்தக் கும்மி என்பது அதற்குப் பிறகுதான் வரும். முப்பதாவது எழுத்து 'கோவில்' என்பதன் முதல் எழுத்தோடு தீர்ந்துபோனது. ஆகவே நாற்பது பாட்டின் பெயரும் 'அருள்மிகு ஸ்ரீ முத்து மாரியம்மன் கே'.

வகை என்ற கட்டத்தில் நாற்பதுக்கும் 'ப்ளூஸ்' என்று வந்தது. அவர் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. தொடாவிட்டால் அது பூஜ்யம். பாட்டு வகைகளின் பட்டியலில் பூஜ்யம் என்றால் ப்ளூஸ். அந்தப் பட்டியலில் எண்பது வகை உண்டு. கும்மி இல்லை, தாலாட்டு இல்லை. குறும்பு என்று ஒன்று இருந்தது.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ப்ளூஸுன்னா என்ன?"

"அது ஒரு பாட்டு வகை சார்."

"நல்லாருக்கு. இருக்கட்டும்."

பெயர்களுக்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சமாளித்தேன். பாடியவர் கட்டத்தில் மட்டும் எந்தச் சிக்கலும் இல்லை. நாற்பது பாட்டுக்கும் ஒரே பெயர். இரண்டு இனிஷியலோடு கம்பீரமான ஓர் ஆண் பெயர். யாரோ பெரிய பாடகர் போல என்று நினைத்துக்கொண்டேன். பாட்டை நான் கேட்கவில்லை. அச்சகத்தில் மெஷின் ஓடும் சத்தத்துக்கு ஸ்பீக்கர் வாங்கி என்ன பிரயோஜனம் என்று சார் வாங்கவே இல்லை. நாற்பது பாட்டுக்கு ஒரு சைட்டை ஒரு பாட்டும் கேட்காமல் செய்து முடித்தேன். அது ஒன்றும் விசேஷமில்லை. முன்பக்கம் மெஷினில் நின்றவர்களும் யார் கல்யாணம் என்று பார்த்துப் பத்திரிகை அடிப்பதில்லை.

சைட் ஏறிய நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, ரேடியோ செட்டுக்காரரின் மொபெட் வாசலில் வந்து நின்றது. ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"எங்க அந்தக் கம்ப்யூட்டர் பிள்ள?"

"நான்தான் அண்ணாச்சி."

"மொதலாளியக் கும்மியடிக்க விட்டுட்டியே தாயி!"

விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. அந்தக் கம்பீரமான பெயர் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியுடையது. பாட்டுப் பதிவுக்கு வேனும் சாப்பாடும் மண்டபமும் அவர் கொடுத்தது. அதாவது உபயம். கேசட்டை எம்.பி.3 ஆக மாற்றும் சாஃப்ட்வேர் ஒரு கட்டத்தைக் காட்டி, இதில் யார் பெயர் என்று கேட்டிருக்கிறது. ரேடியோ செட்டுக்காரர் வாழ்நாளில் காலியான இடத்தில் உபயதாரர் பெயரைத் தவிர வேறு பெயரை எழுதியதில்லை. கோயில் பெஞ்சில், சுவர்க் கடிகாரத்தில், தண்ணீர் டிரம்மில், அன்னதான அண்டாவில், எங்கும் அதைத்தான் எழுதினார்கள். இங்கேயும் எழுதினார்.

நான் அந்தக் கட்டத்துக்குப் 'பாடியவர்' என்று தமிழில் தலைப்புப் போட்டிருந்தேன்.

முதலாளியின் சம்பந்தி பம்பாயில் இருந்தார். அவர் சைட்டைத் திறந்து, ஒரு பாட்டைத் தட்டி, பெண்கள் கூட்டமாகக் கும்மி பாடிக் குலவை போடுவதைக் கேட்டுவிட்டு, உடனே ஃபோன் அடித்திருக்கிறார். "சம்பந்தி, ஒங்க கொரலு இம்புட்டு மென்மையா இருக்கும்னு தெரியாமப் போச்சே. கல்யாணத்தன்னைக்கே ஒரு பாட்டுப் பாடிருக்கலாம்லா?" அதோடு நிற்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆர்டர் கொடுக்கிற வடநாட்டு டீலர் ஒருவர், அடுத்த முறை வரும்போது ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"பாடியவர்னு போட்டுருக்கியே, அவரு பாடுனாரா?" என்றார் ரேடியோ செட்டுக்காரர்.

"ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"ஃபைல்ல எழுதுனது யாரு?"

"நீங்கதான்."



"நான் எழுதுனது உபயம்."

"உபயம்னு ஒரு கட்டம் அதுல கெடையாது அண்ணாச்சி."

"ஏன் கெடையாது?"

"வெள்ளைக்காரங்க பண்ணுனது. அவங்க வைக்கல."

"அப்ப அவனுகளுக்கு மைக் செட்டுக்கு யாரு குடுப்பா?"

 

சார் என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுன்னு சொன்ன?"

"அது பண்ணல சார்."

"அப்ப நீ பண்ணுன."

நான் பண்ணவில்லை, அது கொடுக்கப்பட்டதைக் கொடுத்தபடி வாசித்தது, என் கோடில் ஒரு வரிகூடத் தப்பில்லை என்று விளக்கினேன். சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பந்தல்காரர் பெயர் வந்தால், எழுதிக் கொடுத்தபடிதான் அடித்தேன் என்று அவர் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். 

"பேரு கட்டத்தையே எடுத்துரு. யாரு பேரும் வேண்டாம். நீ இந்த மாசத்தோட நின்னுக்கம்மா. சம்பளத்தை முழுசா வாங்கிக்க."

பாடியவர் கட்டத்தை எடுத்தேன். சைட்டில் மிச்சம் இருந்தது, ஒரே பாட்டுப் பெயர் நாற்பது முறை, ஒவ்வொன்றுக்கும் எதிரே ப்ளூஸ்.

வீட்டில் சொன்னபோது யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபம். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "அதுக்கென்ன இப்ப. லேபிள் ஒட்டுற ரூம்புல ஃபேனு இருக்கு. நாங்கள்லாம் ஃபேனக் கண்டமா?" என்றார்.

அக்கா சிரித்தாள். "நாளையில இருந்து இந்தப் பக்கம் நில்லுடி. நெழலு இருக்கு."

"மாசம் முடிய இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

"முடியட்டும், முடியட்டும். வேன் எங்க போயிரும்?"

என் பெயரில் ஒரு தப்பை விட்டுவிட்டு வேனில் ஏற எனக்கு இஷ்டமில்லை. கட்டத்தை எடுத்துவிட்டால் தப்பு சரியாகிவிட்டது என்று ஆகாது. பாடியவர் என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் பாடியவர் பெயர் இருக்க வேண்டும். அப்படி வைத்துக் காட்டினால், என் கோடு முதலிலிருந்தே சரி என்பதை சார் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒப்புக்கொண்டால் நிறுத்துவதற்குக் காரணம் இருக்காது. இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

யார் பாடினார்கள் என்று ரேடியோ செட்டுக்காரருக்கு ஃபோன் அடித்துக் கேட்டேன்.

"எம். புதுப்பட்டிப் பொம்பளையாளுக. வேன்ல கூட்டியாந்தோம், பாடுனாக, சோறு போட்டோம், கொண்டு போயி விட்டுட்டோம்."

"பேரு?"

"பேரு எதுக்கு? கூப்பிட்டா வந்துருவாக."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் லீவு. டிசைன் அக்காவிடம் அவர் வீட்டுக்காரரின் எம்.பி.3 பிளேயரைக் கடன் வாங்கி, பாட்டுகளை ஏற்றிக்கொண்டு புதுப்பட்டிக்குப் போனேன். பஸ்ஸில்தான் முதல் முறையாகப் பாட்டைக் கேட்டேன். முன்பாட்டுப் பாடுகிற ஒருத்தியின் குரல், கம்பெனி சங்கு மாதிரி, நேராக வந்து நின்றது. மற்றவர்கள் அதை வாங்கிப் பாடினார்கள். இறங்கும்போது ஐந்து பாட்டு முடிந்திருந்தது.

முன்பாட்டுக்காரி யார் என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியின் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அம்மா வயதிருக்கும். விரல் நுனிகளில் கம்பெனி மருந்தின் வெள்ளி நிறம் சோப்புக்கும் போகாமல் இருந்தது. பக்கத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர். வந்த காரியத்தைச் சொன்னேன். முதலாளி பெயர் பாடியவராக வந்த கதையையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் துவைக்கவில்லை.

"யாரு, எங்க மொதலாளியா?" என்றார் முன்பாட்டுக்காரி. அவர்கள் எல்லாரும் அந்த முதலாளியின் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். "போனஸு கேட்டன்னைக்கு அந்த வாயி தொறக்கலையே. கும்மிக்குத் தொறந்துருச்சாக்கும்?"

"கொலவையும் அவருதானாத்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அடியே, இடுப்புல முந்தானையச் சொருகிக்கிட்டு நின்னுருப்பாருடி. நீ பாக்கல."

பிளேயரைக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு காதாக இருவர் இருவராகக் கேட்டார்கள். தங்கள் குரலைக் கேட்டதும் ஒவ்வொருத்தியும் முதலில் சொன்னது, இது நான் இல்லை என்பதுதான்.

"இது எங்கன தெரியும்?" என்று கேட்டார் முன்பாட்டுக்காரி.

"நெட்டுல."

"டிவியிலயா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர்ல. பம்பாயில இருந்துகூடப் பாக்கலாம்."

"பம்பாயில எங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள் துணி பிழிந்துகொண்டிருந்தவள்.

முன்பாட்டுக்காரி யோசித்தார். "மொதலாளி சம்பந்திமாரு இருக்காகல்ல. அவுக பாக்கட்டும். போடு பிள்ள."

அவர் பெயரைக் கேட்டு எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எம் பேரு மட்டும் போட்ட, நாளைக்கு வேன்ல ஒருத்தி எங்கூடப் பேச மாட்டா. எல்லாரு பேரும் போடு."

"நான் பாடலம்மா, கொலவ மட்டுந்தான் போட்டேன்" என்றாள் ஒருத்தி.

"ஒங் கொலவ இல்லேன்னா அது பாட்டா? எழவுக்கு ஒப்பாரி வச்ச மாதிரியில்ல இருக்கும். இவ பேரையும் எழுது."

யார் பெயர் முதலில் என்பதில் சண்டை வந்தது. வயதுப்படி என்றால் யாருக்கும் வயது ஒத்துவரவில்லை. தெருப்படி என்றால் கீழத்தெரு ஒத்துக்கொள்ளவில்லை. கும்மியில் நின்ற வரிசை என்றால் அது வட்டம். கடைசியில் முன்பாட்டுக்காரிதான் முடிவு சொன்னார். "வேன்ல ஏறுற வரிசைக்குப் போடு. அத டிரைவரு வச்சது. எவளும் கேக்க முடியாது."

யாரும் கேட்கவில்லை. வேனில் முதலில் ஏறும் வீட்டிலிருந்து கடைசியில் ஏறும் வீடு வரை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முன்பாட்டுக்காரி ஏறுவது எட்டாவது. எட்டாவதாகத்தான் எழுதினேன்.

திங்கட்கிழமை அடுத்த சிக்கல். முப்பது எழுத்துக் கட்டத்தில் ஒரு வேன் பெண்கள் ஏற மாட்டார்கள். இரண்டாவது ஆள் ஏறும்போதே கதவு மூடிவிடும். ஆனால் எம்.பி.3 ஃபைலில் இன்னொரு வகை டேக் உண்டு. அது வாலில் இல்லை, தலையில் இருக்கும். பாட்டு தொடங்கும் முன்னால். அதில் இவ்வளவுதான் இடம் என்று கிடையாது. எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். அதை வாசிப்பது கொஞ்சம் கடினம். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அதன் நீளம் எழுதியிருக்கும், அந்த நீளத்தையும் ஒரு விநோதமான முறையில் மறைத்து எழுதியிருப்பார்கள். அதையும் நானே புரிந்துகொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து, நாற்பது ஃபைலின் தலையிலும் பாடியவர் என்ற கட்டத்தில் வேன் வரிசைப்படி எல்லாப் பெயரையும் எழுதினேன். பாட்டின் பெயரையும் வெட்டுப்படாமல் முழுதாக எழுதினேன். முதலாளியின் பெயரை அழிக்க மனம் வரவில்லை. எதையும் அழிப்பது எனக்குப் பிடிக்காது. குறிப்பு என்ற கட்டத்துக்கு அதை நகர்த்தி வைத்தேன். சைட்டில் அது தெரியாது.

மாற்றிய பக்கத்தை சாரிடம் காட்டினேன்.

"இதுல மொதலாளி பேரு இல்லேல்ல?"

"இல்ல சார். பாடுனவங்க பேரு மட்டுந்தான்."

"அப்ப என்னமும் பண்ணு" என்றார். பிறகு மறுபடி பார்த்தார். பெயர்கள் பத்திரிகையில் சுற்றமும் நட்பும் போல நெருக்கமாக நின்றன. "முந்திக்கு இப்ப நெறவா இருக்கு" என்றார். நான் வேலையிலிருந்து நிற்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என் கணக்கில் அவர் இந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும்.

மாசக் கடைசி நெருங்கியது. அப்பா ஃபோர்மேனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா எனக்கு ஒரு பழைய டிபன் கேரியரைத் தேய்த்து வைத்தாள்.

அந்த நேரத்தில் மொபெட் மறுபடி வந்தது. இந்த முறையும் ஸ்டாண்டு போடவில்லை.

நடந்தது இதுதான். புதுப்பட்டிப் பெண்கள் தங்கள் பெயர் பம்பாய்க்குப் போய்விட்டது என்று வேனில் பேசி, கம்பெனியிலும் பேசியிருக்கிறார்கள். செய்தி முதலாளி காதுக்குப் போனது. அவர் கணக்குப்பிள்ளையைச் சைட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தன் கம்பெனியில் திரி பின்னுகிறவர்கள், வெடி சுற்றுகிறவர்கள், பெட்டி மடக்குகிறவர்கள் எல்லார் பெயரும் இருந்தது. காசு கொடுத்த தன் பெயர் இல்லை. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி ஃபோன் அடித்துவிட்டார். "என்ன சம்பந்தி, பேரையே காணோம். பாட்டை விட்டுட்டீகளா?"

"மொதலாளி பேரு வந்தாகணும்" என்றார் ரேடியோ செட்டுக்காரர். "உபயம்னு வரணும். பாடியவர்னு வந்துறக் கூடாது. பெரிய எழுத்துல வரணும். பொங்கலுக்கு முன்னாடி வரணும். இல்லேன்னா அடுத்த வருசம் செட்டு எனக்கு இல்லேன்னுட்டாக."

சார் என் பக்கம் திரும்பினார். "எம்புட்டு நேரம் ஆகும்?"

பெயர் ஏற்கனவே நாற்பது ஃபைலிலும் குறிப்புக் கட்டத்தில் இருந்தது. அதை வாசித்துக் காட்ட ஒரு வரி எழுத வேண்டும்.

"ஒரு மாசம் ஆகும் சார்" என்றேன்.

"ஒரு மாசமா!" ரேடியோ செட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். "முளைப்பாரியக் கரைச்சு, பந்தலப் பிரிச்சுருவோமே தாயி!"

"ஒவ்வொரு பாட்டையும் தலையில இருந்து பாக்கணும் அண்ணாச்சி. அதுவும் நான் இந்த மாசத்தோட நின்னுருவேன். அடுத்து வர்ற ஆளு மொதல்ல நான் எழுதுனதைப் படிக்கணும். படிச்சுப் புரியணும்."

"அடுத்து எந்த ஆளு வாராக?" என்று அவர் சாரைக் கேட்டார்.

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகக் கல்யாண வீட்டுக்காரர்களிடம் மெஷினில் சின்ன வேலை, மை வரவில்லை, பைண்டிங்கில் ஆள் இல்லை என்று சொல்லி வருகிறவர் அவர். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும் என்பதும் வேறு வேறு என்று ஊரில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

"இந்தப் பேச்ச எங்க படிச்ச? காலேஜுலயா?"

"இல்ல சார். இங்கன வந்துதான்."

டிசைன் அக்கா மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"பிள்ள நிக்குதுன்னு எவன் சொன்னான்?" என்றார் சார், ரேடியோ செட்டுக்காரரிடம்.

"நீங்கதான் சார் சொன்னீங்க" என்றேன் நான்.

"அது அன்னைக்கு."

"அப்ப நிரந்தரம்னு எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். அவர் ஃபோர்மேன்கிட்டச் சொல்லிட்டாரு."

சார் என்னை இன்னொரு முறை பார்த்தார். பிறகு லாரி ஆபீஸ் நம்பரைக் கேட்டு வாங்கி ஃபோன் போட்டார். அப்பா லோடு மேலே இருந்தாராம், இறங்கி வர நேரமானது. முன்பக்க மெஷின் சத்தத்துக்கு மேலே சார் கத்தினார். "ஒங்க மக இங்கன பெர்மனென்ட்! பெர்மனென்ட்டு! வேலைல நெலைச்சுருச்சு!" அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சார் ஃபோனை வைத்துவிட்டு, "மொதச் சம்பளம் வார வரைக்கும் ஃபோர்மேன்கிட்ட வேண்டாம்னு சொல்ல மாட்டாராம்" என்றார்.

"இப்ப எம்புட்டு நாளு ஆகும்?" என்று கேட்டார் ரேடியோ செட்டுக்காரர். அவருக்கு நடந்தது எதுவும் சரியாகப் புரியவில்லை.

"ஒரு வாரத்துல முடிச்சுத் தாரேன் அண்ணாச்சி."

ஒரு வாரம் வேறு வேலை பார்த்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஒரு வரியை எழுதினேன். பாடியவர் மேலே, உபயம் கீழே. ஏன் உபயத்தை மேலே வைக்கவில்லை என்று ரேடியோ செட்டுக்காரர் கேட்டார். ஃபைலில் அந்த வரிசையில்தான் இருக்கிறது என்றேன். ஃபைலில் அப்படி ஒரு வரிசை கிடையாது. ஆனால் ஃபைலைத் திறந்து பார்க்க அந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை. முதலாளி பெரிய எழுத்தா என்று மட்டும் கேட்டாராம். பெரிய எழுத்துதான். அதில் நான் குறை வைக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி வழக்கமான பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். சார் ஒரு பட்டாசுக் கம்பெனியின் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இதற்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.